சீலிங் மூடிக்கு நாலு திருகாணி

1977 ஜூன் 11, சனி

மேற்குக் காற்று. விடியப் புல்லெல்லாம் வெள்ளை. கா. 7 மணிக்கு முன்னறையில் 8 பாகை, குசினியில் 7. பவானி கம்பளிக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் என்னுடைய ஓவர்கோட். என்னைக் கட்டிக்கொண்டு பெப்ரவரியில் ஊரிலிருந்து வந்து இறங்கியவளுக்கு, ஜூனில் வரும் இந்த நாட்டுக் குளிர்காலம் இதுதான் முதல். எனக்கு ஆறாவது. வயிற்றில் பிள்ளை, பதினேழு வாரம். வீட்டுக்குள் கையுறையோடு தேத்தண்ணி குடிக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

காற்று எங்கே வருகிறது என்று தேடினேன். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக. யன்னல்களில் புகை கொஞ்சம் ஆடியது. இரண்டு படுக்கை அறைகளுக்கும் நடுவே உள்ள நடையில் மட்டும் புகை நேரே மேலே இழுபட்டுப் போனது. சீலிங்கில் உள்ள சதுர மூடி. கூரைக்குள் ஏறுவதற்கு வைத்தது. இங்கே மான்ஹோல் என்பார்கள். இரண்டடிக்கு இரண்டடிப் பலகை, சட்டத்தின் மேல் சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் வளைந்து விரல் போகும் இடைவெளி. ஹீற்றரில் எரிக்கிற எண்ணெயின் சூடு முழுக்க அந்த வழியால் ஆகாயத்துக்கு.

வேலைத்தளத்தில் நாள் முழுக்கக் குளிர் அறைக் கதவுகளுக்குப் படம் கீறுகிறவன் நான். இறைச்சி தொங்கும் அறைக்குள் வெளிக்காற்று ஒரு மூச்சுப் போகாமல் கதவு செய்யத் தெரியும். சொந்த வீட்டில் இந்த லட்சணம்.

தேவை:
கதவு ரப்பர் 9 அடி (செவன் ஹில்ஸ் வேலைத்தளத்துக் கழிவு, போர்மனிடம் கேட்டு எடுத்து வைத்தது)
கண்ணாடிப் பஞ்சு ஒரு துண்டு
தடித்த பொலித்தீன்
பசை, ஒட்டுகிற ரேப்
இழுத்துப் பூட்டும் கொளுக்கி 4

ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டேன். இருட்டு. ஓடுகளுக்கு நடுவே ஊசி ஊசியாக வெளிச்சம். தூசி ஒரு விரற்கடை. கூரைக்குள் குடியிருக்கும் பூனையளவு மிருகம், பொசம், அதன் புழுக்கை. மேலே காற்று ஊளையிட்டது. கீழே இருந்து எங்கள் வீட்டுச் சூடு என் காதோரமாக மேலே போய்க்கொண்டிருந்தது. தோலில் உணர முடிந்தது.

பலகையை இறக்கிச் சீவி, நாலு விளிம்பிலும் ரப்பர் ஒட்டி, முதுகில் பஞ்சு வைத்து, பொலித்தீனால் சுற்றினேன். பவானி கீழே நின்று ரேப் கிழித்துத் தந்தாள். கொளுக்கியை இழுத்துப் பூட்டியபோது ரப்பர் நசுங்கும் சத்தம். வேலைத்தளத்துக் கதவு பூட்டுகிற அதே சத்தம்.

மா. 4: மறுபடி ஊதுபத்தி. புகை அசையாமல் எழும்பி, சீலிங்கில் முட்டிப் படர்ந்து நின்றது. பவானி கை தட்டினாள். கை முழுக்கக் கண்ணாடி நார்க் கடி. பரவாயில்லை.

ஜூன் 12, ஞாயிறு

கா. 7: 10 பாகை. இரண்டு பாகை கூட. போதாது.

அறைக்கு ஒன்றாகச் சுவரின் உச்சியில் சல்லடை வைத்திருக்கிறார்கள். துளைத் துளையாக, வெளிக்காற்று வருவதற்கென்றே. சுவரைக் கட்டிவிட்டு அதில் ஓட்டை வைக்கிற மூளையை என்னவென்பது. பக்கத்து வீட்டு டொரீன் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். கணவனை இழந்த கிழவி, தனியாக இருக்கிறாள். எதற்கு இந்தச் சல்லடை என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் உண்டு, எதற்கென்று யாருக்குத் தெரியும் என்றாள்.

நாலு சல்லடைக்கும் பத்திரிகைத் தாள் கசக்கி அடைத்து, மேலே வெள்ளை ரேப். தெரியவே தெரியாது. முன் கதவு, பின் கதவுகளின் அடியில் துவாய் சுருட்டி வைத்தது.

மா. 3: மண்ணெண்ணெய் ஹீற்றர் கொளுத்தினேன். குயின்ஸ்லாந்துக்கு மாறிப் போன பட்டறைக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய நீல ஹீற்றர். திரி ஒரு பக்கம் கருகியிருக்கிறது, சுடர் கொஞ்சம் மஞ்சள். கையேடு இல்லை. மா. 5: 19 பாகை. மா. 7: 22. முன்பு நாள் முழுக்க எரித்தாலும் 14 தாண்டாது.

பவானி ஓவர்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். ஒரு கிழமைக்குப் பிறகு அவளுடைய தோளைப் பார்த்தேன். பிட்டு அவித்தாள். 'இப்பதான் இது வீடு' என்றாள்.

எண்ணெய் மணம் கொஞ்சம். பழகிவிடும்.

ஜூன் 16, வியாழன்

மழை, மூன்றாம் நாள். ரயில் பத்து நிமிடம் பிந்தியது. புதிய கதவுப் படம் சரி பார்த்தாயிற்று, கீல் மட்டும் மாற்ற வேண்டும்.

பவானிக்குத் தலையிடி. காலையில் குடித்த தேத்தண்ணி, மத்தியானம் தின்ற சோறு இரண்டையும் சத்தி எடுத்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இது வழமைதான் என்று டொரீன் சொன்னாளாம். ஆனால் மூன்று மாதத்தோடு சத்தி நின்றுவிட்டதே, திரும்ப ஏன் என்று பவானி கேட்கிறாள். எனக்கென்ன தெரியும். குளிர் படாமல் முன்னறையிலேயே இரும் என்றேன். நான் காலையில் போகும்போதே ஹீற்றரைக் கொளுத்தி விட்டுப் போகிறேன். நாள் முழுக்க எரிகிறது.

எண்ணெய் முடிகிறது. சனி வாங்க வேண்டும்.

ஜூன் 19, ஞாயிறு

மழை. நானும் பன்னிரண்டு மணி வரை எழும்பவில்லை. நெற்றிக்குள் ஈயம் உருக்கி விட்டது போல. தடிமன், காய்ச்சல் வரப்போகிறது.

பவானி சாப்பாட்டு மேசையில் இருந்து சீலிங்கையே பார்த்தபடி.

"மேல ஆரோ நடக்கினம்."

பொசம் என்றேன். கூரைக்குள் பொசம் இல்லாத வீடு டூங்கபியிலேயே கிடையாது.

"பொசம் ஓடும். இது நடக்குது. மெத்து மெத்தெண்டு. நான் எழும்பினாக் கெதியா நடக்குது, இருந்தா ஆறுதலா நடக்குது."

காது கொடுத்துக் கேட்டேன். மழைதான். அவள் சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கும் ஏதோ கேட்பது போல. என் காதுக்குள் என் இரத்தம் அடிக்கும் சத்தம். அதைச் சொல்லவில்லை.

ஜூன் 20, திங்கள்

வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் தலையிடி பறந்துவிட்டது. தடிமன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோம்பல்தான் வியாதி போலும்.

ஜூன் 22, புதன்

அரை நாள் லீவு. பவானியை டொக்டரிடம் கூட்டிப் போனேன். பரமற்றாவில், படியேறிப் போகும் அறை. பிள்ளை நல்ல சுகம் என்றார். தலையிடி, சத்தி, நித்திரை மயக்கம், கூரையில் நடப்பது எல்லாவற்றையும் நான் சொன்னேன். அவர் எழுதினார். அவளைக் கேட்கவில்லை, என்னையே கேட்டார். சொந்தக்காரர் யாரும் இங்கே உண்டா, வீட்டில் தனியாகவா இருக்கிறாள், அழுகிறாளா. பிறகு நரம்புத் தளர்ச்சி என்றார். வேறு நாட்டிலிருந்து வரும் இளம் பெண்களிடம் நிறையப் பார்க்கிறாராம். குளிசை எழுதினார். குறையாவிட்டால் மனநோய் வைத்தியர் ஒருவருக்குக் கடிதம் தருவாராம்.

திரும்பி நடந்து வரும்போது பவானி நல்ல உற்சாகம். ரயில் நிலையத்தில் ஒரு பணிஸ் வாங்கித் தின்றாள். "வெளியில வந்தாச் சுகமாக் கிடக்கு," என்றாள். டொக்டர் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன். தனிமைதான்.

வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலத்தில் பழையபடி. சோறு அடிப்பிடித்துக் கருகியது, மணமே தெரியவில்லை அவளுக்கு. இன்று என்ன கிழமை என்று மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் எனக்குப் பயம் வந்தது.

ஜூன் 25, சனி

நார்த்மீட்டிலிருந்து கிரேஸ் அக்கா வந்தார். மலேசியாக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை. நான் மாணவனாக வந்த காலத்தில் அவர் வீட்டில்தான் ஒரு வருடம் அறை எடுத்து இருந்தேன். பவானிக்கு ஒரு பேச்சுத் துணை என்று நான்தான் வரச் சொன்னேன். கேக் கொண்டு வந்திருந்தார். உங்கள் வீட்டில் என்ன இப்படி அனல் அடிக்கிறது என்று கோட்டைக் கழற்றினார்.

பவானி நடப்பதைப் பற்றிச் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. இதற்கு முன் இந்த வீட்டில் யார் இருந்தார்கள், யாராவது இறந்தார்களா என்று என்னைக் கேட்டார். எனக்கு எரிச்சல். பவானியின் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். பவானி கண் மூடி இருந்தாள், சைவப்பிள்ளை. போகும்போது அக்காவுக்கும் தலையிடி. பஸ்ஸில் வந்த அலுப்பு என்றார்.

அவர் போன பிறகு பவானி நடையில் போய் நின்றாள். மூடிக்கு நேர் கீழே.

"இதைத் திறந்து விடுங்கோ."

ஏன் என்றேன்.

"அது அடைபட்டுக் கிடக்குது. அதுக்கு மூச்சு விடேலாமக் கிடக்கு. நீங்கள் பூட்டின நாளில இருந்துதான். திறந்து விட்டாப் போயிடும்."

திறந்தால் குளிர்தான் வரும் என்றேன். பேய்க்குப் பயந்து வீட்டில் ஓட்டை வைக்கிறவன் நானல்ல என்றேன். ஒரு தரம் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு வேறொன்று வரும். டொக்டரும் சொன்னார், அவளுடைய எண்ணங்களுக்கு உடன்படக் கூடாது என்று.

மாமாவுக்கு, அவளுடைய அப்பாவுக்கு, ஏரோகிராம் எழுதினேன். பவானிக்குத் தெரியாமல். உடம்பு சுகம், மனம்தான் கொஞ்சம் நிதானம் தவறியிருக்கிறது, இல்லாத சத்தம் கேட்கிறது, வைத்தியம் நடக்கிறது, முன்பு இப்படி ஏதும் இருந்ததா, மறைக்காமல் எழுதவும். நாலு தரம் வாசித்தேன். தபாலில் போட்டுவிட்டேன்.

ஜூன் 28, செவ்வாய்

மா. 5.40. கதவைத் திறந்தால் வீடு ஐஸ். நடையில் ஏணி. மூடி கழன்று தரையில், பஞ்சுப் பக்கம் மேலே பார்த்தபடி. சீலிங்கில் கறுத்த சதுரம்.

பவானி குசினியில். மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு கம்பளி, ஓவர்கோட், மூக்கு நுனி சிவந்து, ஆனால் சிரித்த முகம். கண் தெளிவு. பத்து நாளாக அப்படி அவளைப் பார்க்கவில்லை.

"விடியவே திறந்து போட்டன். இண்டைக்குத் தலையிடி இல்லை. அது போயிட்டுது."

நான் கத்தினேன். வயிற்றில் பிள்ளையோடு ஏணியில் ஏறினீரா, விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும், உமக்கு அறிவில்லையா. அதற்கு மேலும் சொன்னேன். விசர் என்ற சொல்லும் என் வாயில் வந்தது. அவள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

சாப்பிடவில்லை. முதலில் மூடியை ஏற்றினேன். கொளுக்கி போதாது, அவளால் கழற்ற முடிகிறது. இரண்டங்குலத் திருகாணி நாலு, மூலைக்கு ஒன்று. இறுகத் திருகினேன், மரம் முனகும் வரை. ஏணியை டொரீனுடைய கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். ஹீற்றரைக் கொளுத்தினேன்.

பவானி நடைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு திருகாணியாக.

பிறகு குழம்பு சாப்பிட்டேன். நல்ல ருசி. சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 30, வியாழன்

உறைபனி. பவானி பேசுவதில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை. ஹீற்றருக்குப் பக்கத்தில் போர்வையோடு. நான் போகும்போது இருந்த இடத்திலேயே வரும்போதும். கன்னம் சிவந்திருக்கிறது, குளிர்நாடு ஒத்துக்கொள்கிறது போலும்.

கூரையில் நடப்பது பற்றிப் பேச்சே இல்லை. குளிசை வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

கீல் படம் முடிந்தது. போர்மன் பாராட்டினார்.

ஜூலை 3, ஞாயிறு

எனக்குத் தலையிடி. நாள் முழுக்கப் படுக்கை. எழுத மனமில்லை.

ஜூலை 6, புதன்

நேற்று எழுதவில்லை. இன்று எழுத வேண்டும். ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

செவ்வாய், மத்தியானம் இரண்டு மணி. வேலைத்தளத்துக்கு ரெலிபோன். டொரீன். எங்கள் வீட்டில் இல்லையே ரெலிபோன், அவள் எப்படி என்னுடைய இலக்கம் அறிந்தாள் என்றுதான் முதலில் யோசித்தேன். அம்புலன்ஸ் என்றாள். போர்மன் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்.

டொரீன் சொன்னது: ஏணி தனக்குத் தேவைப்பட்டதாம், எடுக்கலாமா என்று கேட்க எங்கள் கதவைத் தட்டினாளாம். பதில் இல்லை. முன் யன்னலால் பார்த்தால் பவானி தரையில், கதிரைக்கும் ஹீற்றருக்கும் நடுவே. டொரீனுக்கு அறுபத்தெட்டு வயது. பூச்சாடியால் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கொண்டியைத் திறந்து, ஏறி உள்ளே போய், பவானியைக் கக்கத்தில் பிடித்து இழுத்துப் புல்லில் போட்டிருக்கிறாள். உள்ளே காற்றே இல்லை, ரொட்டி சுடும் போறணை போலக் கிடந்தது என்றாள். அவள் கையில் ஏழு தையல்.

பவானிக்கு மூக்கில் மூடி, ஒட்சிசன். முகம் ரோசாப்பூ நிறம். ஆரோக்கியமான நிறம் என்று யாரும் சொல்வார்கள். அதுதான் அடையாளமாம்.

இளம் டொக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். வீட்டில் என்ன ஹீற்றர்? புகைக்குழாய் உண்டா? காற்று வரப் போக வழி உண்டா? இரத்தத்தில் காபன் மொனொக்சைட் என்றார். மணமில்லை, நிறமில்லை. முதலில் தலையிடி, சத்தி, மறதி. சிலருக்கு இல்லாத சத்தம் கேட்கும், நெஞ்சு படபடக்கும், காதில் நாடி அடிக்கும். வெளியே போனால் குறையும், உள்ளே வந்தால் கூடும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம் இது. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நல்ல புள்ளி.

காற்று வழியைப் பற்றித் திரும்பக் கேட்டார். குளிருக்கு யன்னல்களைப் பூட்டி வைத்திருந்தோம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிள்ளை? இருக்கிறது என்றார். தாயை விடப் பிள்ளைக்கு இது கூடக் கெடுதல் என்றார்.

இன்று காலை வீட்டுக்கு வந்தேன். டொரீன் பவானியோடு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவளுடைய கொட்டகையிலிருந்து ஏணியை எடுத்தேன். திருகாணி நாலும் கழற்றினேன். கடைசித் திருகாணி வரமாட்டேன் என்றது. மூடியைக் கீழே போட்டேன். சல்லடைத் தாள்களைப் பிடுங்கினேன், ரேப் சுவரின் பூச்சையும் உரித்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் குப்பைப் பீப்பாவின் அடியில், மேலே இலை குழை. யாரும் பார்க்கவில்லை.

ஏன் இதை ஒளித்துச் செய்தேன் என்று எழுத முடியவில்லை.

ஜூலை 9, சனி

பவானி வீடு வந்தாள். மெலிவு. தேத்தண்ணிக் கோப்பையை இரு கையாலும் பிடிக்கிறாள். ஹீற்றர் பின்வளவில் கவிழ்ந்து கிடக்கிறது. வீட்டில் 9 பாகை. எல்லா யன்னலும் திறந்து. இருவரும் ஓவர்கோட்டோடு.

பிள்ளை மூன்று நாளாக அசையவில்லை என்றாள். இது வரை அசைந்ததே எனக்குத் தெரியாது. ஜூன் கடைசியில் அசையத் தொடங்கியதாம். அப்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மாலை கிரேஸ் அக்கா சூப் கொண்டு வந்தார். அவரிடம் பவானி சொல்லிக்கொண்டிருந்தாள், நான் குசினியில்:

"நான்தான் அக்கா. அண்டைக்குக் குளிருக்குத் திரியைக் கூட்டிப் போட்டன். எனக்கு அதைப் பாவிக்கத் தெரியாது. என்ர பிள்ளையை நானே கொல்லப் பாத்திட்டன்."

கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவினேன். துடைத்தேன். அடுக்கினேன்.

ஜூலை 11, திங்கள்

லீவு இன்னும் இரண்டு நாள். பவானி தினமும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். விபத்துத்தானே, விடும் என்கிறேன். என் குரல் எனக்கே நல்ல மனிதனின் குரல் போலக் கேட்கிறது.

நடைப்பக்கம் அவள் போவதில்லை. மூடி திறந்து கிடப்பதைக் கண்டாள். யார் திறந்தது என்று கேட்கவில்லை.

ஜூலை 13, புதன்

கிளினிக். தாதி குழாய் வைத்துக் கேட்டாள். நெடுநேரம் தேடினாள். பவானி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பிறகு தாதி தலையாட்டினாள். துடிக்கிறது. பவானி அழுதாள்.

பெரிய டொக்டர் வந்து பேசினார். துடிப்பு நல்லது, ஆனால் மூளைக்குக் காற்றுக் குறைந்ததா, எவ்வளவு குறைந்தது என்று பிறந்த பிறகுதான் தெரியும். பிறந்தும் சில மாதம் பார்க்க வேண்டும். எத்தனை நாளாக அந்தப் புகையில் இருந்தாள் என்று கேட்டார். ஒரு நாள்தான் என்றாள் பவானி. டொக்டர் எழுதிக்கொண்டார்.

நான் வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

ஜூலை 15, வெள்ளி

வேலைக்குப் போய் வந்தேன். மா. 5.30. பவானி முன்னறையில், மேசை மேல் நீல ஏரோகிராம். எனக்கு வந்த கடிதம். அப்பாவின் எழுத்தைக் கண்டு உடைத்திருக்கிறாள்.

மாமா எழுதியிருந்தது: மருமகனுக்கு, எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி இருந்ததில்லை, கோயிலில் வைத்துச் சத்தியம் செய்கிறேன். மறைத்துக் கட்டித் தந்தோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். என் பிள்ளை என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கோ, கைவிட்டுவிடாதேயுங்கோ. நீங்கள் சொன்னால் நான் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

எழுபது வயது மனிதர். எனக்கு முன்னால் கை கூப்பி நிற்பது போல எழுத்து.

"அப்பாவுக்கு என்ன எழுதினீங்கள்?"

சொன்னேன்.

"எப்ப?"

அதையும் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. சல்லடைக்குத் தாள் அடைத்தது, அதை உருவி எறிந்தது, இளம் டொக்டரிடம் சொல்லாமல் விட்டது. திரி உம்முடைய பிழையில்லை, அந்தத் திரி தொடக்கத்திலிருந்தே கருகல், மூன்று கிழமையாகப் புகை வீட்டுக்குள்தான் நின்றது என்று. மேலே நடந்தது உம்முடைய நாடி என்று. நீர் மூடியைத் திறந்த அன்று தலையிடி நின்றது அதனால்தான் என்று.

பவானி கடிதத்தை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு:

"அப்ப எனக்கு விசர் இல்லை."

இல்லை என்றேன்.

"நீங்கள் ஆஸ்பத்திரியில வைச்சே அறிஞ்சிட்டீங்கள்."

ஓம்.

"ஒரு கிழமையா நான் உங்களிட்ட மன்னிப்புக் கேட்டனான்."

எழும்பிப் படுக்கை அறைக்குப் போனாள். கதவை மூடவில்லை. இனி எந்தக் கதவும் மூடக் கூடாது என்று நேற்றே சொல்லியிருந்தாள்.

ஜூலை 16, சனி

வெயில், காற்றில்லை. கா. 7: 9 பாகை.

காலையில் கிளினிக்குக்கு டொரீன் வீட்டிலிருந்து ரெலிபோன் எடுத்தேன். ஒரு நாள் இல்லை, இருபது நாளுக்கு மேல் என்று பதியச் சொன்னேன். தாதி ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டாள். என்னுடைய பிழை என்றேன். டொரீன் பக்கத்தில் நின்றாள், கையில் கட்டோடு. எல்லாம் அவள் காதில் விழுந்தது.

பவானி ஏரோகிராம் ஒன்றை மேசையில் வைத்தாள். அப்பாவுக்கு எழுதுங்கோ, எனக்கு முன்னால எழுதுங்கோ என்றாள்.

எழுதினேன். மாமாவுக்கு, முன்பு எழுதியது பிழையான செய்தி. பவானிக்கு மனநோய் எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை. வீட்டில் ஹீற்றர் புகை. காற்றுப் போகும் வழிகளை நான் தவறுதலாக மூடிவிட்டேன்.

அவள் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"தவறுதலாவோ?"

தெரியாமல் செய்ததுதானே என்றேன்.

"முதல் நாள் தெரியாமச் செய்தது. நான் திறக்கச் சொல்லிக் கேட்ட பிறகு செய்தது? திறந்து காட்டின பிறகு செய்தது?"

வெட்டினேன். என்ன எழுத என்று கேட்டேன். நடந்ததை எழுதுங்கோ என்றாள். எழுதினேன்: பவானி மூடியைத் திறக்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளே திறந்தாள், சுகமானாள். நான் அவளை விசர் என்று ஏசி, திருகாணி போட்டுப் பூட்டினேன். அதன் பிறகுதான் விழுந்தாள். விழுந்த பிறகும் அவள் பிழை என்று நினைக்க விட்டேன்.

கையெழுத்து வைத்தேன். அவள் வாங்கி, அடியில் மிஞ்சிய இடத்தில் தன் கையால் ஏதோ நாலு வரி. நான் பார்க்கக் கேட்கவில்லை. மடித்து, ஓவர்கோட்டை மாட்டி, தபால் பெட்டிக்குத் தானே போனாள். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்றாள்.

மா. 3. அவள் போனது ஒன்றரைக்கு. தபால் பெட்டி ஐந்து நிமிட நடை.

மா. 3.40. டொரீன் வந்தாள். படியில் நின்றே பேசினாள், உள்ளே வரவில்லை. பவானி டொரீன் வீட்டுப் பின்னறையில் படுத்திருக்கிறாளாம். சாமான் கொஞ்சம் வேண்டுமாம். தாளில் எழுதியிருந்தது, பவானியின் எழுத்து:

கம்பளி 2
சீப்பு, பல்துலக்கி
கிளினிக் அட்டை
அப்பாவின் கடிதம்

எத்தனை நாளைக்கு என்று டொரீனிடம் கேட்டேன். அதைத் தானும் கேட்கவில்லை, நானும் கேட்கக் கூடாது என்றாள்.

எல்லாவற்றையும் பையில் வைத்துக் கொடுத்தேன். கடிதத்தை மேலே வைத்தேன்.